வெல்டா மறைத்த பாதை

மொஹாவி பாலைவனத்தில் எங்கள் முச்சந்தியில் பெட்ரோல் போடவும் காபி குடிக்கவும் என் கடையை விட்டால் வேறு நாதியில்லை. அதனால் இந்தப் பக்கத்து மனிதர்கள் எல்லோருடைய கதையும் என் காதுக்கு வந்துவிடும். வெல்டா ஸ்ட்ரிக்லின் கதையை மட்டும் நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவளிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் நமக்குத் தொண்டை வறண்டுவிடும்.

மண்சாலைகளைச் சமன் செய்யும் கிரேடர் வண்டியை ஓட்டியவள் அவள். அப்பா ஓட்டிய வண்டி. அவர் போனபின் அதே இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எல்லாச் சாலைகளையும் ஒழுங்காகத்தான் வைத்திருந்தாள். ஆனால் சாண்டோவல் ஊற்றுக்குப் போகும் பாதையைப் பார்க்க வேண்டுமே! ததும்பத் ததும்பக் காபியோடு போனாலும் ஒரு சொட்டு சிந்தாது.

காரணம், லைமன் டீக். தேனீ வளர்ப்பவன். பாலைவனம் பூக்கும் மார்ச் மாதத்தில் லாரி நிறையத் தேன்பெட்டிகளோடு வருவான். ஊற்றடியில் இறக்கிவைத்து, பூ இருக்கும்வரை அங்கேயே கிடப்பான். வெல்டாவும் கிரேடரை அங்கே நிறுத்திவிட்டு அவனோடு உட்கார்ந்து பீன்ஸ் சாப்பிடுவாள். அவனும் ஓர் ஊமைக் கோட்டான். போகும்போது ஒரு ஜாடி தேன் கொடுப்பான். அதை மே மாதத்துக்குள் வழித்துத் தின்றுவிட்டு, அடுத்த மார்ச்சுக்காக ஏங்கிக் கிடப்பாள்.

"இந்த வருஷமாவது வாயைத் திறந்தியாடி?" என்று கேட்பேன்.

"திறந்தேனே. ரோடு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"நல்லா இருக்குன்னான்." சொல்லும்போது கழுத்துவரை சிவந்துபோவாள்.

பிறகு ஊற்றைச் சுற்றியிருந்த பொது நிலம் முழுவதும் காப்பு நிலமானது. அதற்கு முன்னால் அது கேட்பாரற்ற சொத்து. மோட்டார் சைக்கிள் கும்பல் குன்றுகளை உழுது போட்டது. பாலைவன ஆமைகள் சக்கரத்தில் நசுங்கின. பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்தில், எப்போதும் பேசாத வெல்டாவே எழுந்து, "அந்த மண்ணுக்கு ஓய்வு வேணும்" என்றாள். ஊரில் பாதிப் பேர் அதற்காக அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஓய்வு என்றால் முழு ஓய்வு. உள்ளே எந்தச் சக்கரமும் உருளக்கூடாது. வளர்ப்புத் தேனீக்கள் காட்டுத் தேனீக்களின் பூந்தேனைப் பறித்துக்கொள்கின்றன என்று தேன்பெட்டிகளுக்கும் தடை வந்தது. சாண்டோவல் பாதையும் மூடப்பட்டது. 'வழி இல்லை' என்று பலகை நட்டால் எங்கள் ஆட்கள் அதில் துப்பாக்கி சுட்டுப் பழகுவார்கள். அதனால் பாதையே இல்லாததுபோல் மறைத்துவிடச் சொன்னது நில அலுவலகம். அந்த வேலைக்குக் கூப்பிட்டது வெல்டாவைத்தான்.

கடப்பாரையால் இறுகிய மண்ணைக் கிளறி, காய்ந்த புதர்களை உயிருள்ளவைபோல நிறுத்தி நட வேண்டும். கற்களை வெயிலில் கறுத்த பக்கம் மேலே தெரியும்படி போட வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம்வரை இப்படிச் செய்தால் போதும். வளைவுக்கு அப்பால் பாதை அப்படியே கிடக்கும்.

"மார்ச் முடியட்டும் தம்பி, அப்புறம் செய்யறேன்" என்று அதிகாரியிடம் கேட்டுப் பார்த்தாள்.

"பூ பார்க்கத்தான் கூட்டமே வருது மேடம். அதுக்குள்ள முடிச்சாகணும்."

அரைகுறையாகச் செய்துவிட்டு வரச் சொன்னேன். அவளால் அது முடியாது. அவள் முடித்தபின் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தை நூறு முறை கடந்தவள் நான்; எனக்கே திரும்பும் இடம் தெரியவில்லை. எனக்குக் கோபமாக வந்தது.

"அவன் வந்தா எப்படிடி கண்டுபிடிப்பான்?"

"பெட்டி வைக்க முடியாதுன்னு அவனுக்குக் கடுதாசி போயிருக்கும். பெட்டி இல்லாம அவன் எதுக்கு வரப்போறான்?"

அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருடமும் அவளுக்குள் இருந்த கேள்வி அதுதான்.

மார்ச் வந்தது. மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்துத் தள்ளியது. வெல்டா வேறு பாதைகளை மறைக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு காலையில், ஆறேழு பேர் முட்டைக்காகக் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பச்சை லாரி கடையைக் கடந்து மெதுவாகத் தெற்கே போனது. கொஞ்ச நேரத்தில் அதைவிட மெதுவாகத் திரும்பி வந்தது. ஓட்டுகிறவன் ஜன்னல் வழியே தலையை நீட்டிப் புதர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரென்று புரிந்து, கையில் கரண்டியோடு நான் ஓடி வருவதற்குள் வடக்கே போய்விட்டான். கடையில் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க அவனுக்கு வாய் இருந்தால்தானே!

அரைமணி கழித்து வெல்டா காபிக்கு வந்தாள். சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"பெட்டி வைக்க வேற இடம் தேடிப் போயிருப்பான்" என்றாள்.

"என்ன பெட்டி? லாரியில ஒண்ணுமே இல்லடி."

"ஒண்ணுமே இல்லையா?"

"வெறும் லாரி."

"நல்லா பாத்தியா நடீன்? வெறும் லாரியா?"

"என் கண்ணால பாத்தேன்டி!"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க வெல்டா வாய்விட்டு அழுதாள். அழுதபடியே எழுந்து, வடக்கே எவ்வளவு தூரம் போயிருப்பான் என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் வண்டி கிளம்பிவிட்டது.