இரண்டாவது வரிசையில் நான்காவது ஆள்

நஞ்சம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் மகள் மோகனப்பிரியா நூலகத்திலிருந்து கொண்டுவந்த நாவலின் அட்டையைப் பார்த்த மாத்திரத்தில், அரிசி களைந்த ஈரக்கையோடு அதைப் பிடுங்கிக்கொண்டாள். அட்டையில் ஒரு பழைய குரூப் போட்டோ. பீளமேட்டு மில் ஒன்றின் வாசலில் பதினோரு ஆட்கள். இரண்டாவது வரிசையில் நான்காவது ஆளுக்கு முகம் இல்லை. அந்த இடத்தில் ஓட்டை.

“இது உங்கப்பன், கண்ணு,” என்றாள்.

அந்த ஓட்டையைப் போட்டவளே அவள்தான். எழுபத்திரண்டில், நாற்பது நாள் வேலைநிறுத்தம் முடிந்த அன்று சங்கத்தார் எடுத்த படம் அது. அவள் புருஷன் ராசப்பன் ஆயுசில் போட்டோவுக்கு நின்றது அந்த ஒரு தடவைதான். இரண்டு வருஷத்தில் பஞ்சுத்தூசி நெஞ்சை அடைத்துப் போய்ச் சேர்ந்தான். மாலை போட ஒரு படம் வேண்டுமே என்று சங்க ஆபீசிலிருந்து அதை இரவல் வாங்கி வந்தாள். அப்படியே கொடுங்கள், பெரிசு பண்ணித் தருகிறேன் என்றார் ஸ்டுடியோக்காரர். அவளுக்கு மனசு கேட்கவில்லை. செத்தவனுக்கு மாலை போடுகிற படத்தில் உயிரோடிருக்கிறவர்கள் கூட நின்றால் அவர்கள் ஆயுசு குறையாதா? பத்துப் பேருக்கும் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே! கத்தரிக்கோலை எடுத்துப் புருஷன் முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தாள். அழுத அழுகையில் கத்தரி விலகி, பக்கத்தில் நின்ற நஞ்சுண்டனின் தோளும் கொஞ்சம் போய்விட்டது. மிச்சத்தைச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இதெல்லாம் நாவல் எழுதிய ஈஸ்வரமூர்த்திக்கு எப்படித் தெரியும்? கல்லூரி வாத்தியார், நல்ல மனுஷர்தான். மில்லை மூடிய பிறகு சங்கத்துப் பரணில் கிடந்த படத்தைப் பார்த்தார். கற்பனை பிய்த்துக்கொண்டு போனது. அவர் கதையில் நான்காவது ஆள் முதலாளிக்குக் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கிறான். விஷயம் தெரிந்த கூட்டாளிகள் படத்திலிருந்து அவன் முகத்தை வெட்டி எறிகிறார்கள். அந்தப் பக்கத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டிவிட்டு மோகனப்பிரியா புத்தகத்தை மூடி வைத்தாள்.

மறுநாள் இருவரும் பஸ் பிடித்து, சரவணம்பட்டியில் அவர் வீட்டுக்குப் போனார்கள்.

“ஏனுங்க சார், அதை வெட்டுனது நானுங்க. மத்தவீக நல்லா இருக்கோணும்னுதான் வெட்டுனேன். நஞ்சுண்டண்ணன் பெருந்துறையில மகன் ஊட்டுல இருக்காருங்க. கேட்டுப் பாருங்க.”

அவர் முகம் வெளுத்துப்போனது. “கதைதானுங்கம்மா. பேரெல்லாம் மாத்தித்தான் வெச்சிருக்கேன்.”

“பேரு கெடக்குதுங்க. அந்த ஓட்டை அவரு நின்ன எடமாச்சுங்களே.”

அடுத்த பதிப்பில் ஒரு குறிப்புச் சேர்ப்பதாகச் சொன்னார். காப்பி கொடுத்தார். இது நடந்த தொண்ணூற்றாறில், மில் சரித்திரத்தை அச்சு அசலாக எழுதிவிட்டார் என்று ஊரே அவரைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. இதில் நஞ்சம்மாள் சொல் எடுபடுமா?

வீட்டுக்கு வந்ததும் சுருக்குப்பையைத் திறந்தாள். ஸ்டுடியோக்காரர் திருப்பிக் கொடுத்த அந்த முகம் இருபத்திரண்டு வருஷமாக ஒரு துணியில் சுற்றி அதில்தான் இருந்தது. எடுத்து அட்டையில் வைத்துப் பார்த்தாள். அட்டைப்படம் சின்னது. கட்டைவிரல் அளவு முகம் ஓட்டையையும் மூடி, நஞ்சுண்டன் முகத்தையும் மூடிக்கொண்டது.

“பசை கொண்டாரட்டுமாம்மா?” என்றாள் மகள்.

“வேண்டாங் கண்ணு. அந்தண்ணன் இன்னும் உசுரோட இருக்காரு. அவரு மூஞ்சி மேல இதை எப்படி ஒட்டறது?”

ராசப்பனை மறுபடியும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.