நெற்றிச் சாம்பல்

சாம்பல் புதன் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தேன். "துடைச்சிட்டு கடைக்குப் போங்கப்பா. இப்பல்லாம் நெத்தியப் பாத்துதான் எந்தக் கட்சின்னு முடிவு பண்றாங்க" என்றான் மகன். கண்ணாடியில் பார்த்தேன். போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல், சிலுவையாக.

எழுபதுகளில் ஒரு தேர்தல். ஜவ்வாது மலையில் அப்பா இதே சாம்பலோடு, சிறுவனான என்னையும் கூட்டிக்கொண்டு கட்சிக் கூட்டத்துக்குப் போனார். கட்சிக்குக் கடவுள் கிடையாது. அப்பாவுக்குக் கோயில் இல்லாத ஞாயிறு கிடையாது. இரண்டையும் அவர் விடவில்லை. மலையேறிய வியர்வையில் சிலுவை கலைந்து பட்டையாகியிருந்தது.

கிளைச் செயலாளர் முறைத்தார். "இன்னா சேசுராஜ், நீயும் விபூதி பூச ஆரம்பிச்சிட்டியா? அழிச்சிட்டு மேடைக்கு வா."

அப்பாவின் விரலை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அது இல்லீங்க. எல்லாரும் ஒருநாள் மண்ணாப் பூடுவோம்னு சாமியார் பூசி வுட்டது. ஓட்டு கேக்கற நம்மாளுக்கும் சேத்துதான்" என்றார் அப்பா.

கூட்டம் சிரித்தது, செயலாளர் சிரிக்கவில்லை. அன்று அப்பாவுக்கு மேடை இல்லை. புளியமரத்தடியில், தரையில் உட்கார்ந்து எல்லாப் பேச்சுக்கும் கைதட்டினார். நெற்றியில் கை வைக்கவே இல்லை.

நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

"யாராவது கேட்டா?" என்றான் மகன்.

"கேக்கட்டும்டா. உங்க தாத்தா எப்பவோ பதில் சொல்லிட்டாரு."