அடிபிடித்த பருப்பு

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரர் திருநெல்வேலியில் கல்யாண வீடுகளுக்குச் சமைத்தவர். மறதி நோய் வந்தபின் அவருக்கு என்னையே தெரியவில்லை. பேச்சும் நின்றுபோனது. சோறு ஊட்டினால் துப்பினார், உடம்பு எலும்பாகிவிட்டது.

"இதுக்கு மருந்து இல்ல ஆச்சி. பழகின வாசனை, சத்தம், தொட்டுப் பாக்க ஏதாவது குடுத்துப் பாருங்க" என்றார் டாக்டர்.

பிச்சிப்பூவை முகரக் கொடுத்தேன். தாமிரபரணியில் கால் நனைக்க வைத்தேன். கரண்டியைக் கையில் கொடுத்தேன். எதற்கும் அசையவில்லை. ஒரு மத்தியானம் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, பட்டினியாலேயே போய்விடுவாரே என்று அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டேன். தீய்ந்த வாசனை வீடெல்லாம் ஏறியது.

"ஏலே, எவம்லே அடுப்புல நிக்கது? விறக வெளிய இழு!"

அவர் குரல்தான். பதறிப்போய் விறகை இழுத்தேன். தள்ளாடி வந்து எட்டிப் பார்த்தார்.

"அடியத் தொடாத. மேலாப்புல பைய கோரி எடு. கொண்டா, ருசி பாக்கேன்."

உள்ளங்கையில் விட்டேன். நக்கினார்.

"உப்பு பத்தாதுலே."

உப்புப் போட்டுச் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். துப்பவில்லை.

இப்போது தினமும் கொஞ்சம் பருப்பைத் தீய விடுகிறேன். பல நாள் வாசனை அவருக்கு எட்டுவதே இல்லை. எட்டுகிற நாளிலும் நான் அவருக்குப் பெண்டாட்டி இல்லை, வேலை தெரியாத எடுபிடி ஆள்தான். இருந்துவிட்டுப் போகிறேன். என்னை வைதால் சாப்பிடுவார்.