யாதகிரி சாரின் இலவச வகுப்பு

கணினிப் பயிற்சி நிலையங்கள் நிறைந்த அமீர்பேட்டையில் எந்தப் படிப்புக்கும் பணம் கட்டும் முன், நாலு இடத்தில் இலவச முதல் வகுப்பு கேட்டுப் பார்ப்பது வழக்கம். பிடிக்கவில்லை என்றால் பாதியில் எழுந்து எதிர்க் கட்டடத்துக்குப் போய்விடுவார்கள். அந்தக் கூட்டத்தை நாற்காலியிலேயே உட்கார வைக்கும் வித்தை யாதகிரி சாரிடம் இருந்தது.

சித்திப்பேட்டைப் பக்கத்திலிருந்து அவரும் இங்கே மாணவராக வந்தவர்தான். வேலை கிடைக்கவில்லை. "வேலை வர்ற வரைக்கும் புதுப் பசங்களுக்குச் சொல்லிக் குடு தம்பி" என்று பயிற்சி நிலைய முதலாளி நரஹரி மைக்கைக் கையில் திணித்தார். வந்ததென்னவோ தொப்பையும் நரையும்தான். அவரிடம் படித்தவர்கள் டல்லாஸ் பனியில் நின்று படம் அனுப்பினார்கள். இவர் செக்குமாடாக அதே வகுப்பைச் சுற்றி வந்தார்.

வித்தை இதுதான். தன் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் திரையில் தட்டுவார். "நம்ம தெலுங்குல 'அ'ன்னா ஒரே 'அ'. இந்தத் துரைமாருங்க எழுத்துலயும் பெரியவன் சின்னவன்னு வச்சிருக்கானுங்க பாருங்க" என்பார். சிரிப்பு எழும். பிறகு சின்ன எழுத்தாக்கும் கட்டளையைக் கொடுத்து, பெயரைக் காட்டச் சொல்வார். பெயர் அதே பெரிய எழுத்தில் வந்து நிற்கும்.

"என்ன வந்திருக்கு? சத்தமா சொல்லுங்க!"

"மாறவே இல்ல சார்!"

அப்போதுதான் சூட்சுமத்தை அவிழ்ப்பார். கணினி சின்ன எழுத்தில் ஒரு நகல் எடுத்துத் தருமே தவிர, பழையதைத் தொடாது. நகலை வாங்கிப் பழைய பெயரிலேயே போட்டு வைத்தால்தான் மாற்றம் நிலைக்கும். வேண்டுமென்றே செய்யும் அந்தப் பிழையில் சொக்கிப்போய்த்தான் கூட்டம் பணம் கட்டியது.

உகாதி முடிந்ததும் கச்சிபவுலியில் ஒரு மென்பொருள் கம்பெனி நேர்காணலுக்கு அழைத்தது. மனைவி ஸ்வரூபா சட்டையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, இந்த வருசத்தோட வயசு வரம்பும் முடியுது. மைக் புடிச்ச மாதிரி ஆரம்பிச்சுடாதீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வாங்க."

"என்னை என்ன சின்னப் பையன்னு நெனச்சியா?"

நேர்காணலில் கேள்வி கேட்டவள் சிந்தூரா என்ற இளம்பெண். பக்கத்தில் பேசாத ஒருவர்.

"வாடிக்கையாளருங்க பேரை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி தட்டியிருக்காங்க சார். எல்லாத்தையும் சின்ன எழுத்துக்கு மாத்திக் காட்டுங்க."

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வார். ஆனால் ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா? விரல் தானாக அந்தப் பழைய பிழையைத் தட்டியது. பெயர்கள் மாறாமல் வந்து நின்றன. யாதகிரி நாற்காலியைத் திருப்பினார், கைகளை விரித்தார்.

"என்ன வந்திருக்கு? சத்தமா சொல்லுங்க!"

ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"பழசேதான் வந்திருக்கு சார்," என்றாள் சிந்தூரா, மெதுவாக.

"இல்லம்மா, அது... வேணும்னே செய்யறது. பசங்க கத்துவாங்க, அப்புறம்தான்..." வியர்க்க வியர்க்கத் திருத்தினார். சரியாகத்தான் வந்தது. ஆனால் பேசாத மனிதர் இப்போது பேசினார்.

"நல்லா சொல்லித் தர்றீங்க சார். எங்களுக்கு வேலை செய்யற ஆளு வேணும்."

வெளியே வந்ததும் ஸ்வரூபாவின் போன். "ஏங்க, என்னாச்சு?"

"கூப்புடறோம்னாங்க."

"சரி, வாங்க. பப்புச்சாரு வச்சிருக்கேன்."

மறுநாள் காலை புதுக் கூட்டம். இனி செத்தாலும் அந்தப் பிழையைத் தட்டுவதில்லை என்று யாதகிரி வைராக்கியமாக இருந்தார். முதல் தடவையே சரியாகத் தட்டினார். பெயர் சமத்தாகச் சின்ன எழுத்துக்கு மாறியது. யாரும் சிரிக்கவில்லை, யாரும் கத்தவில்லை. பின் வரிசையில் இரண்டு பெண்கள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஒரு பையன் கொட்டாவி விட்டான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நரஹரி, 'என்னய்யா ஆச்சு?' என்பதுபோல் கையை ஆட்டினார்.

வைராக்கியத்தை வைத்துக்கொண்டு வீட்டு வாடகை கொடுக்க முடியாது. யாதகிரி தட்டியதை அழித்தார். பெயரை மறுபடி பெரிய எழுத்தில் போட்டு, பிழையைத் தட்டினார்.

"உக்காருங்கம்மா, இதைப் பாத்துட்டுப் போங்க. என்ன வந்திருக்கு?"

"மாறவே இல்ல சார்!"

எழுந்த பெண்கள் உட்கார்ந்தார்கள். நரஹரி நிம்மதியாகப் பணம் வாங்கும் மேசைக்குப் போனார்.

"கேக்கல," என்றார் யாதகிரி. "இன்னும் சத்தமா!"