கத்தியும் மந்திரமும் தெரிந்தவள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் லேக் மார்க்கெட் வீட்டு மேஜையில் பகடைகள் வந்துவிடும். கணவர் கதையை நடத்துவார். நானும் கீழ்வீட்டுப் பெண்ணும் அதில் ஆளுக்கொரு பாத்திரமாக நடிப்போம். வெட்டு விழுந்ததா, தப்பித்தோமா என்று பகடை முடிவு செய்யும். அவள் கல்லூரியில் படிக்கிறாள். தமிழ்க் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது இங்கே. அண்ணா, அண்ணி என்று சொல்லாமல், வங்காளிகள் மாதிரி அவரை 'தாதா' என்றும் என்னை 'பௌதி' என்றும்தான் கூப்பிடுவாள். அவளுடைய பாத்திரம் ஒரு திருடி. ஒரு வருஷமாக அந்தத் திருடியை உயிராய் வளர்த்து வருகிறாள்.

என்னுடையவள் கத்தியும் வீசவேண்டும், மந்திரமும் போடவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன்.

"ரெண்டும் வேணும்னா ரெண்டும் அரைகுறையாத்தான் இருக்கும்," என்றார் கணவர்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஆபீஸுக்கும் ஓடி, சாம்பாரும் வைக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? வேண்டுமென்றே கத்தி, கேடயம், தொட்டுக் குணமாக்கும் மந்திரம் என்று எல்லாவற்றையும் என் பாத்திரத்துக்கு அள்ளிக் கொடுத்தேன். பிறகு மாதக்கணக்காக ஆடி, கதையிலேயே உயர்ந்த கத்தி ஒன்றையும் ஜெயித்தேன். அதன் மேல் எனக்கு அப்படியொரு பெருமை.

ஒரு ஞாயிறு, கயிற்றுப் பாலத்தில் சண்டை. கீழே ஆறு. பூதம் அடித்த அடியில் திருடி சுருண்டு விழுந்தாள். எங்கள் மேஜையில் செத்தால் செத்ததுதான், திரும்பி வர வழி கிடையாது. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் தொட்டுக் குணமாக்கறேன்," என்றேன்.

"எந்தக் கையால?" என்றார் கணவர்.

மந்திரத்துக்கு ஒரு கை காலியாக வேண்டும். ஒன்றில் கத்தி, இன்னொன்றில் வாரால் இறுக்கிய கேடயம்.

"கத்தியை உறையில போட்டுடறேன்."

"அதுக்கே உன் முறை முடிஞ்சிடும். அதுக்குள்ள அவ போயிடுவா. விட்டெறிஞ்சா உடனே மந்திரம் போடலாம். ஆனா கத்தி ஆத்துல போயிடும்."

"கட்டின பொண்டாட்டின்னு ஒரு சலுகை உண்டா உங்ககிட்ட?"

"மேஜையில கிடையாது," என்று சிரித்தார்.

எறிந்தேன். கத்தி போனது, திருடி கண் விழித்தாள்.

"இப்ப உன் முறை. உசிரு ஒட்டிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். பின்னாடியே கரை, ஓடிடு," என்றார் கணவர் அவளிடம்.

அவள் பகடையை எடுத்தாள். "ஓடலை தாதா. ஆத்துல குதிக்கறேன். பௌதியோட கத்தியை எடுக்கணும்."

"அடி பைத்தியமே!" மேஜைக்குக் குறுக்கே எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பொரிக் கிண்ணம் கவிழ்ந்தது. "கத்தி போனா போகுது. நீ கரைக்கு ஓடு."

"அது உங்களுக்கு எவ்ளோ பிடிக்கும் பௌதி!"

"பிடிக்கும்தான். எனக்கு நீ வேணும்டி."

சொன்ன பிறகுதான் பிடி எவ்வளவு இறுக்கம் என்று எனக்கே தெரிந்தது. அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"சரி, ஓடறேன். ஆனா தனியா இல்லை. உங்களையும் இழுத்துக்கிட்டுத்தான்," என்றாள்.

அப்படி இழுத்துக்கொண்டு ஓட விதி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கணவரும் சொல்லவில்லை.