கதவண்ணனும் கைப்பிடி தெரியாத கார்களும்

கார் வளைவில் திரும்பும்போதே கதவண்ணன் எண்ண ஆரம்பித்துவிடுவார். ஒன்றில் வண்டியைப் பார்ப்பார். இரண்டில் பின்சீட்டில் யார் என்று பார்ப்பார். மூன்றில் படியிறங்கி, நாலில் கதவருகே நிற்பார். உள்ளே இருப்பவரின் கை கதவுக்குப் போகுமுன் இவர் கை போயிருக்க வேண்டும். அந்தப் பெரிய ஓட்டலின் வாசலில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவருடைய உத்தியோகம். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. சமையற்கட்டு முதல் மொட்டைமாடி வரை எல்லோருக்கும் அவர் கதவண்ணன்தான்.

ஆள் ஒல்லி. உடுப்பு மட்டும் படைத்தளபதிக்குத் தைத்தது போல இருக்கும்: தோளில் பொன்னிறச் சரடு, இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், கையில் வெள்ளை உறை. எந்தக் காரின் விலையும் அவருக்குத் தெரியாது, வேகமும் தெரியாது. கைப்பிடி தெரியும். கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டுப் பார்த்து, "இது பல் டாக்டர் வண்டி, கொஞ்சம் தூக்கி இழுக்கணும்" என்று சொல்லக்கூடியவர்.

அப்பேர்ப்பட்டவருக்குப் போன வருடம் சோதனைக்காலம் பிறந்தது. புதிதாக வரும் உயர்ந்த ரகக் கார்களில் கைப்பிடி கண்ணுக்கே தெரிவதில்லை. கதவோடு கதவாகப் படிந்து கிடக்கிறது. மின்சாரம் மனது வைத்தால்தான் வெளியே வரும். அப்படி முதல் வண்டி வந்த அன்று, அவர் வழக்கம்போல நாலு எண்ணி, குனிந்து, காற்றைப் பிடித்து இழுத்தார். கைதான் ஏமாந்தது, உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கதவு திறந்துவிட்டதாகவே எண்ணி ஓரடி பின்வாங்கி, மூடிய கதவைப் பார்த்து "வாங்க சார்" என்று உடம்பு பணிந்து நின்றது. உள்ளே இருந்த மனிதரும் மரியாதை தெரிந்தவர். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தலையசைத்தார். யாரும் இறங்கியபாடில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கதவைத் தடவிப் பார்த்தார். "என்னண்ணே, மாட்டுக்கு முதுகு தேச்சு விடறீங்களா?" என்று பெட்டி தூக்குகிறவர் கேட்டதும் அதையும் நிறுத்தினார். வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, டிரைவர்கள் டீ குடிக்கும் பின்பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு வண்டியாகப் பாடம் கேட்டுக்கொண்டார். ஒரு வகையில் முன் முனையை அமுக்கினால் பின் முனை எட்டிப் பார்க்கும். இன்னொரு வகை, டிரைவர் பார்க்கிங் கியரைப் போட்டதும் தானாக வெளியே வரும். அதற்கு முன்னால் தலைகீழாக நின்றாலும் வராது. மூன்றாவதை இழுக்கவே கூடாது. பள்ளத்தில் விரலை வைத்தால் போதும், கதவே விட்டுக்கொடுத்துத் திறந்துவிடும். அதைப் பழைய பலத்தோடு இழுத்து முழங்காலில் வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்றாவதற்கு அவர் வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி.

வீட்டிலும் இதே நினைப்புத்தான். ஒருநாள் தண்ணீர் எடுக்கப் போனவர் சமையலறையில் ஏதோ யோசனையாக விரலால் துழாவிக்கொண்டு நின்றார். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே மனைவி சொன்னார்: "ஏங்க, அது ஃப்ரிட்ஜு. இழுத்தாத் தொறக்கும்."

இத்தனை பாடும் ஓய்வுபெற்ற நீதிபதியம்மா ஒருவருக்காகத்தான் என்று சொன்னால் தப்பில்லை. புதன்கிழமை தவறாமல் பகல் சாப்பாட்டுக்கு வருகிறவர். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை பாதிதான் திரும்பக் கிடைத்தது. பிடித்து இழுக்கிற வேலை எதுவும் அந்தக் கையால் ஆகாது. "நீங்க வாசல்ல நிக்கிற தைரியத்துலதான் நான் வெளியவே வர்றேன்" என்று ஒருமுறை சொன்னார். தோளில் இருக்கிற சரடைவிடக் கதவண்ணனுக்கு அது பெரிய விருது.

நீதிபதியம்மாவின் மகன் வாங்கிய புது வண்டி தொட்டாச்சிணுங்கியாகப் போய்விட்டது. பின்பக்கத்தில் வெறுங்கையால் பழகியதோடு சரி, வெள்ளையுறை போட்ட விரலை அது விரலாகவே மதிக்கவில்லை. கதவண்ணன் மேலும் கீழும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்க, ஸ்டியரிங்கிலிருந்து மகன் இறங்கிச் சுற்றி வந்து திறக்கும்வரை அம்மா உள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கதவண்ணனுக்குத் தாங்கவில்லை.

சொன்னது மேலாளர். வயதில் சின்னவர், கெட்டவரும் அல்ல. "இன்னொரு தடவ கெஸ்ட் உள்ளயே காத்துக்கிட்டு இருந்தா, உங்கள லக்கேஜ் ரூமுக்கு மாத்துறதத் தவிர எனக்கு வேற வழி இல்லண்ணே" என்றார். லக்கேஜ் அறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே வருவது பெட்டிகள்தான், மனிதர்கள் இல்லை. மனித முகம் பார்த்தே பழகியவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

உறையில்லாமல் வாசலில் நிற்கக் கூடாது என்பது ஓட்டல் விதி. விஷயத்தைக் கேட்ட மனைவி, வலது கையுறையின் சுட்டுவிரல் நுனியில் மிளகளவு துளை போட்டு, பிசிர் தெரியாமல் ஓரம் அடித்துக் கொடுத்தார். கதவண்ணன் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டலின் பின்பக்கத்தில் வேறொரு தொட்டாச்சிணுங்கியிடம் போய்ச் சோதித்தார். பத்துக்குப் பத்து.

அடுத்த புதன்கிழமை வண்டி வளைவில் திரும்பியபோது மேலாளர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. கதவண்ணனின் விரல் பள்ளத்துக்கு நூலிழை தூரத்தில் இருந்தபோது, உள்ளிருந்து அம்மா இடது கையைத் தூக்கி வேண்டாம் என்று காட்டினார். ஜன்னல் கண்ணாடி கொஞ்சம் இறங்கியது.

"இருங்க, நானே தொறக்கிறேன். இதுல இழுக்கிற வேலையே இல்ல, பட்டன் இருக்கு. ஒரு வாரமா வீட்டு வாசல்ல உக்காந்து இந்த வலது கையாலயே பழகியிருக்கேன்."

வலது கை மடியிலிருந்து மெதுவாக எழுந்தது. பட்டன் வரை போய் வழுக்கி விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. ஸ்டியரிங்கிலிருந்த மகன் திரும்பிப் பார்த்தான், இந்தத் தடவை இறங்கவில்லை. ஒரு தொடுதல் போதும், கதவும் திறக்கும், வேலையும் நிலைக்கும். இருபத்திரண்டு வருடமாக முந்திப் போயே பழகிய அந்தக் கையைக் கதவண்ணன் இழுத்துக்கொண்டார். நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். அம்மாவின் கை மூன்றாவது தடவையாக எழுந்தது.

கதவண்ணனுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தமும், படியில் மேலாளரின் ஷூ சத்தமும் கேட்டன. கதவண்ணன் திரும்பவில்லை. முதுகுப்புறம் கட்டியிருந்த கைகளில் ஒன்றை மட்டும் விரித்து, அங்கேயே நில்லுங்கள் என்று அவருக்குக் காட்டினார்.