தேச்சம்மாவின் முப்பத்தெட்டு வளைவுகள்

அதெல்லாம் வெறும் பேச்சு. தேச்சம்மா காலை ஆறே முக்காலுக்குக் காரை எடுப்பது எந்த ஆளையும் பார்க்க அல்ல. மேட்டுப் பாதையில் மனைவியை இழந்த மாட்டு டாக்டர் ஒருவர் குடியிருப்பது நிஜம். அந்தப் பாதையில் அவள் கார் தினமும் போவதும் நிஜம். இரண்டு நிஜத்தை அடுக்கி அதன்மேல் ஒரு பொய்யை உட்காரவைக்க எதிர்வீட்டு நஞ்சவ்வாவுக்குத் தெரியும். ஆனால் டாக்டரையே கேட்டாயிற்று. "வளைவுல ஹாரன் கேக்கும். அப்புறம் நீலமா ஏதோ போகும். நான் பல்லு தேச்சுக்கிட்டிருப்பேன், அவ்வளவுதான்" என்றார். அந்த நீலம் ஒருநாள்கூட அவர் வாசலில் நின்றதில்லை.

நஞ்சவ்வாவின் கணக்கு வேறு. கோணிக்கொப்பல் ஆஸ்பத்திரி எட்டு கிலோமீட்டர். வேலை எட்டு மணிக்கு. இருபது நிமிஷத்தில் போய்ச் சேரலாம். பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிற பையன் வாரத்துக்கு இரண்டு தடவை டாங்க் நிரப்புவதாகச் சொல்கிறான். "இத்தனை பெட்ரோலும் எங்கே போகுது? கார் குடிக்குதா, இல்லை வேற யாராவது குடிக்கிறாங்களா?" என்று கேட்டு, தானே சிரித்துக்கொள்வாள்.

எங்கேயும் போகவில்லை. பாதையில்தான் போகிறது. கேட்டை விட்டு இறங்கினால் இடப்பக்கம் நேர்ச்சாலை. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கோடு போட்டதுபோல் ஊருக்குப் போய்ச் சேரும். வலப்பக்கம் மேட்டுப் பாதை. மலையைச் சுற்றி ஏறி, கோடாலி படாத சாமிக் காடான தேவரக்காட்டு மரங்களுக்கு அடியில் புகுந்து இறங்கி, முப்பத்திநாலு கிலோமீட்டர் அலைந்து அதே ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு வரும். நடுவில் முப்பத்தெட்டு வளைவு. அந்த முப்பத்தெட்டுக்காகத்தான் அவள் போகிறாள். இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. கள்ள உறவு என்றால் உடனே நம்புகிறார்கள்.

தேச்சம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி மருந்துக்கடை ஜன்னலில் உட்கார்ந்து மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள். கிழவிகளுக்கு வெள்ளை மாத்திரை காலையில், மஞ்சள் ராத்திரியில் என்று மூன்று தடவை சலிக்காமல் சொல்லுவாள். படியேறும்போது அவள் உதடு முணுமுணுக்கும். கிட்டப் போய்க் கேட்டால், "இடது மூணு, இறுகுது. வலது நாலு, நீளம், மேல மண்ணு" என்று வரும். கல்யாணத்துக்கு முன் ஒன்பது வருஷம் அண்ணன் செங்கப்பாவின் பந்தயக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, வரப்போகிற வளைவைப் படித்துச் சொன்னவள் அவள். ஓட்டினவர் அவர். கோப்பை வாங்கினவரும் அவர். நோட்டுப் படித்தவளுக்கு அந்தப் பழக்கம் வாயில் தங்கிவிட்டது.

காரைப் பற்றியும் சொல்லவேண்டும். அடர் நீலம், நாலு கதவு, தாழ்வான உடம்பு. கியர் கையால் போடுவது. ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பு. ரோட்டில் எறும்பு செத்துக்கிடந்தாலும் முதுகுக்குத் தெரியும் என்பாள் நஞ்சவ்வா. அவளும் நாலு தடவை அதில் ஓசியாக ஊருக்குப் போனவள்தான். டிக்கியில் ஞாயிற்றுக்கிழமை பன்றி இறைச்சி வரும், மாசத்தில் ஒருநாள் கேஸ் சிலிண்டர் வரும், மிளகு சீசனில் இரண்டு மூட்டை வரும். பின் சீட்டில் எப்போதும் ஒரு குடை, ஒரு கம்பளி. பார்த்தால் எந்தப் பாங்க் மேனேஜர் வீட்டு வாசலிலும் நிற்கக்கூடிய கார்தான். ஸ்டீரிங்கைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். இரண்டு கை பிடிக்கிற இரண்டு இடம் மட்டும் தோல் வழவழத்துப் பளபளக்கிறது.

மேட்டுப் பாதை என்றால் அவள் செருப்புப் போடமாட்டாள். நேர்ச்சாலைக்குப் போகிற நாளில் செருப்பு காலில் இருக்கும். மலைக்குப் போகிற நாளில் வாசற்படியிலேயே குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு காருக்குப் போவாள். "செருப்பு நடுவுல நின்னு பொய் சொல்லும். பிரேக்கு என்ன சொல்லுதுன்னு காலுக்கு நேராத் தெரியணும்" என்பாள். வேகம் போகிறவள் என்று நினைக்கவேண்டாம். முள் அறுபதைத் தாண்டாது. வளைவுக்கு முன்னாலேயே அடக்கி, கியரை ஒன்று இறக்கி, நுழைந்தபின் இழுத்து வெளியே வருவாள். ஆற்றில் இறங்கிய எருமை மெதுவாகக் கரையேறுகிற மாதிரி, ஒரு அவசரமும் இல்லாமல்.

அண்ணன் செங்கப்பா அம்மத்தியிலிருந்து மாசம் ஒரு தடவை வருவார். வந்தால் காரைச் சுற்றி நடந்து உதட்டைப் பிதுக்குவார். "இது ரெண்டுங்கெட்டான் வண்டி, தங்கச்சி. பந்தயத்துக்கும் ஆகாது, மெத்தை மாதிரி மெதுவாவும் இல்லை. முன் சக்கரம் இழுக்குது. பின் சக்கரம் தள்ளணும், அப்பத்தான் வண்டி" என்பார். இதை விற்றுவிட்டுப் பழைய பந்தய ஜீப் ஒன்று வாங்கி, சனி ஞாயிறில் சேற்றில் இறக்கி ஆசை தீர ஓட்டச் சொல்வார். போன மழைக்காலத்தில் சாவியை வாங்கிக்கொண்டு அவரே மேட்டுப் பாதைக்குப் போனார். டயர் கத்துகிற சத்தம் இங்கே கேட்டது. திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது, சிரிப்பும் இருந்தது. ஆனாலும் பந்தயக்காரன் வாய் அல்லவா.

"நல்ல வண்டிதான். ஆனா போதாது" என்றார்.

"உனக்குப் போதாது அண்ணா. எனக்கு மிச்சம் இருக்கு" என்றாள் தேச்சம்மா, சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டே. பிறகு அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "பந்தயம் வருஷத்துக்கு நாலு நாள். ஆஸ்பத்திரி முந்நூறு நாள். நான் முந்நூறு நாளும் ஓட்டணும்."

அவள் இதற்குமேல் வாதாடி யாரும் கேட்டதில்லை.

கணவன் குட்டப்பா கெட்டவர் அல்ல. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். முதுகு நேராக இருக்கும், ஊர்ப்பேச்சுக்கு மட்டும் காது மெலிது. மாட்டு டாக்டர் கதையை அவர் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. ஆனால் கிளப்பில் சீட்டாட உட்கார்ந்தால், அவர் வந்ததும் நாலு பேர் பேச்சை மாற்றுகிறார்கள். அதுதான் அவரால் பொறுக்கமுடியவில்லை. ஒருநாள் அவளிடமே கேட்டார், ஏன் அந்தப் பாதை என்று. "நல்லா இருக்கு" என்றாள். கிளப்பில் போய் இதைச் சொல்லமுடியுமா? ஒரு தடவை கூடவே போயும் பார்த்தார். முப்பத்தெட்டு வளைவும் மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்து, இறங்கியதும் வேலியோரம் வாந்தி எடுத்தார்.

அவருக்கு உயரமான வண்டி வேண்டும். ஏறி உட்கார்ந்தால் வேலிக்குமேல் தோட்டம் தெரியவேண்டும், கியர் தானே மாறவேண்டும். கார் அவர் பெயரில்தான் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் பெங்களூரு ஆள் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டார். கைல்போதுத் திருநாள் கழிந்த மறுநாள் வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. மனசுக்குள் அவர் சொல்லிக்கொண்ட நியாயம் இது: அவளுக்கு அந்தக் கார் போதவில்லை, அதனால்தான் சுற்றுகிறாள், வேறு வண்டி வந்தால் சுற்றமாட்டாள். செங்கப்பாவும் அதையேதான் வேறு வாயால் சொன்னார். ஒருத்தி தினமும் ஒரு இடத்துக்குப் போனால் எதையோ தேடித்தான் போகிறாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிடைத்துவிட்டதால் போகலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

விஷயத்தைக் கேட்ட தேச்சம்மா சோற்றைப் பரிமாறி முடித்தாள். அடுத்த நாளிலிருந்து ஒரு வாரம் செருப்பு மாட்டிக்கொண்டு, ஏழரைக்குக் கிளம்பி, நேர்ச்சாலையில் போனாள். "பார்த்தீங்களா, புருஷன் அதட்டின உடனே நின்னுபோச்சு" என்று நஞ்சவ்வா வேலி தோறும் சொல்லிவைத்தாள். அந்த வாரம் ஆஸ்பத்திரிப் படியில் யாருக்கும் முணுமுணுப்பு கேட்கவில்லை. மாத்திரை எண்ணுவதில் ஒருநாள் ஒன்று குறைந்து, கிழவி ஒருத்தி திரும்பி வந்தாள்.

கைல்போது ஆயுதங்களின் திருநாள். நாற்று நட்டு முடிந்து, வயல் வேலை ஓய்ந்து, துப்பாக்கிகளை மறுபடி கையில் எடுக்கிற நாள். முந்தைய நாளே துடைத்து எண்ணெய் பூசி, கத்திகளோடு சேர்த்து, வீட்டின் கன்னி மூலை அறையில் விளக்குக்கு முன் வைத்துவிடுவார்கள். அங்கே வைத்ததை, குடும்பத்துப் பெரியவர் எடுத்து உரியவர் கையில் கொடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. கொடுத்ததை அடுத்த கைல்போது வரை விற்கவும் மாட்டார்கள், இரவலும் தரமாட்டார்கள். இந்த வீட்டில் அப்படித்தான் நடந்துவருகிறது.

காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றப் போன குட்டப்பா அறை வாசலிலேயே நின்றுவிட்டார். இரட்டைக்குழல் துப்பாக்கிக்கும் பெரிய கத்திக்கும் நடுவில் கார் சாவி இருந்தது. துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, ஒழுங்காகத்தான் வைத்திருந்தாள். அவர் கை நீண்டது, பிறகு பின்னால் போய்விட்டது. சமையலறையில் தேச்சம்மா கடம்புட்டுக்கு அரிசி மாவை உருண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் அங்கே போய் நின்றார். அவள் நிமிரவில்லை.

பெரியவர் பெள்ளியப்பா பதினொரு மணிக்கு வந்தார். குட்டப்பாவின் பெரியப்பா, வயது எண்பத்தொன்று. போன வருஷம் மைசூரில் கண் ஆபரேஷன் முடித்து, இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்த மனிதரைத் தேச்சம்மாதான் அழைத்துவந்தாள். ஊர் கிட்ட வந்ததும் நேராகப் போகவா, மேலே போகவா என்று கேட்டிருக்கிறாள். வீட்டில் சும்மா படுக்கத்தானே போகிறேன், மேலேயே போ என்றாராம். அதைப்பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் யாரும் கேட்காதபோது: "கண்ணு கட்டியிருந்துச்சு. ஒரு வளைவுகூட என்னைத் தள்ளலை. எங்க அப்பா குதிரைகூட என்னைத் தள்ளியிருக்கு."

செங்காந்தள் பூவைத் துப்பாக்கி வாயில் செருகினார் பெரியவர். சாவியைப் பார்த்தார். கொஞ்சம் குனிந்து நன்றாகவே பார்த்தார். அதன் வளையத்திலும் ஒரு பூவைச் செருகினார். துப்பாக்கியை எடுத்துக் குட்டப்பாவின் கையில் கொடுத்து, வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னார்: புலிகிட்ட வம்புக்குப் போகாதே, சிநேகிதனுக்குப் பின்னால ஒளியாதே. பிறகு சாவியை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்தார்.

"இதை ஆளுறது யாரு?"

அறைக்குள் ஏழு பேர் இருந்தார்கள். செங்கப்பாவும் இருந்தார். தேச்சம்மா கதவோரத்தில் மாவுக் கையோடு நின்றாள். பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தது குட்டப்பாவை. கார் அவர் பெயரில். பெங்களூரு ஆள் நாளைக் காலை பஸ்ஸில். குட்டப்பா துப்பாக்கியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். செருகியிருந்த பூ கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். நிமிரும்போது சொன்னார்.

"அவதான் பெரியப்பா. எனக்கு அதுல தலை சுத்தும்."

செங்கப்பா சிரித்துவிட்டார். பெரியவர் சிரிக்கவில்லை. தேச்சம்மாவைக் கூப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வரச்சொல்லி, அதே வார்த்தைகளை ஒன்றுவிடாமல் சொன்னார். புலி, சிநேகிதன் எல்லாம் முடிந்தபின் ஒன்று சேர்த்துக்கொண்டார். "வளைவுல ஹாரன் அடிக்க மறக்காதே, பொண்ணே. அந்த டாக்டர் பாவம், பல்லு தேய்க்கிற ஆளு."

சாப்பாடு முடிந்து ஆண்கள் மரத்தில் கட்டிய தேங்காயைத் துப்பாக்கியால் சுடும் போட்டிக்கு மைதானத்துக்குக் கிளம்பினார்கள். குட்டப்பா மட்டும் பின்கட்டுக்குப் போய், போனில் யாரிடமோ மெதுவான குரலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். தேச்சம்மாவுக்கு மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் முறை. மணி ஒன்றரைதான் ஆகியிருந்தது. புடவையை மாற்றி, பூவோடு இருந்த சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிரே, தட்டில் மூடிவைத்த பலகாரத்தோடு நஞ்சவ்வா கேட்டைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

படியோரத்தில் செருப்பு கிடந்தது. தேச்சம்மா குனிந்து இரண்டையும் இடது கையில் எடுத்துக்கொண்டு, மழை நனைத்த கல்லில் வெறுங்காலோடு இறங்கி நடந்தாள்.